அம்மாவின் கட்டைவிரலில் மை

அண்ணா,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அம்மாவுக்கு இனி நீதான் பொறுப்பு என்று பத்திரம் எழுதிவிட்டாயே, இன்று நீயே பார்த்துக்கொள். சோற்றைக் குழைத்து ஊட்டு. மாத்திரை அதற்குப் பிறகுதான். கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போ, முகம் சுளிக்காதே.

காலையில் குளிப்பாட்டும்போது அம்மாவின் கட்டைவிரலில் மை பார்த்தேன். "அண்ணன்தான் விரலைப் பிடிச்சு அமுக்கினான்டி. எதுக்குன்னு சொல்லல" என்றாள். மேசையில் நீ வைத்திருந்த பத்திரத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கல்லூரியில் படித்தபோது அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பக்கமே தலைகாட்டாத உனக்கு அது எப்படித் தெரியும்?

சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

பி.கு.: சீட்டைத் திருப்பிப் பார். அம்மா தன் பெயரை எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்துகூட விடவில்லை. உன்னிடம் காட்டச் சொன்னாள்.