நான் பழக்கிய மாரிஸ்

2024 மார்ச் 4, திங்கள்

பிரிக்பீல்ட்ஸில் காலையிலிருந்து மழை. பாசாரிலிருந்து வந்த தக்காளியில் பாதி நசுங்கல். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு போன பிறகு ஒரு பெண் வந்தாள். ஜனகா என்று பெயர், சினிமா எடுக்கிறவளாம். யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை, பேச்சில் நல்ல மரியாதை. ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் படம். கதாநாயகன் சமையல்காரன். நடிக்கிற பையனுக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது, நிஜமான அடுப்படியில் சில வாரம் பழக வேண்டும், உங்களிடம் விடலாமா என்று கேட்டாள்.

யாருடைய கதை என்றேன்.

"பங்சார்ல செஃப் மாரிஸ் இருக்காரில்ல ஆன்டி, அவரோட லைஃப்தான். அவரையே பழக்கச் சொன்னோம், டைம் இல்லன்னுட்டாரு."

கையிலிருந்த தட்டைக் கழுவினேன். துடைத்தேன். மறுபடியும் கழுவினேன். பிறகு சரி என்றேன். மாரிஸுக்குக் கழுத்தை நீட்டியவள் நான்தான் என்று சொல்லவில்லை. அவளுக்கு நான் விவியன் ஆன்டி, கேட்டரிங் செய்கிறவள். அது போதும்.

மார்ச் 6, புதன்

கதையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரே மூச்சில் படித்தேன். சோறு இறங்கவில்லை.

கிள்ளானில் ஒரு சின்னக் கடை. கணவன் அடுப்பில் வேகிறான். மனைவி கல்லாவில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறாள். அவன் நண்டுப் பிரட்டலைக் கண்டுபிடிக்கிறான், அம்மாவின் கைப்பக்குவமாம். மனைவிக்கு அதன் அருமை தெரியவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அவன் அழுதுகொண்டே பங்சாரில் பெரிய ஆளாகிறான்.

அம்மாவின் கைப்பக்குவமா? அவன் அம்மாவுக்கு நண்டு என்றாலே உடம்பெல்லாம் தடித்துப்போகும். அந்தப் பிரட்டலில் வேக வேண்டியது எல்லாம் என் கையில்தான் வெந்தது. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் பல்லைக் காட்டியது அவன். பங்சாரில் முதல் போட ஒருத்தர் கிடைத்ததும் என் பிரட்டலையும் எங்கள் சமையலாள் கன்னையாவையும் கூட்டிக்கொண்டு போனான். என்னை மட்டும் விட்டுவிட்டான். டேய் மாரிஸ், உனக்கு வாய் கூசலையாடா? நகம் வெட்டினேனா நான்? எனக்கு நகம் எங்கடா இருந்துச்சு, எல்லாம் நண்டு ஓட்டுல போச்சு.

மார்ச் 7, வியாழன்

தூங்கி எழுந்தால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

கேவின் வந்தான். அதுதான் அந்த நடிகன். திரையில் பார்த்ததைவிட ஒல்லி. வந்ததும் என் காலைத் தொடப் போனான், வேண்டாம் என்று தடுத்தேன். வெங்காயம் வெட்டச் சொன்னதும் அழுதுவிட்டான், பாவம்.

நல்ல பையன். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் இதில் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெட வேண்டியது வேறொருவன் பேர்.

மார்ச் 15, வெள்ளி

தவக்கால வெள்ளி. இறைச்சி இல்லை, நண்டு உண்டு. இன்றுதான் ஆரம்பித்தேன்.

மாரிஸிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழம்புக் கரண்டியை நேரே வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பான், அப்படியே திரும்பச் சட்டியில் விடுவான். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ருசி பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும் என்று. எச்சில் கரண்டி சட்டிக்குள் போனால் அந்தச் சட்டியே எச்சில். அதனால்தான் கிள்ளானில் அவனை அடுப்புப் பக்கமே விடாமல் வைத்திருந்தேன். எப்போதாவது வந்து வாயை வைத்துவிட்டால் சட்டியோடு கொட்டினேன், வெளியில் ஒருவருக்கும் சொல்லாமல். கட்டினவன் மானம் ஆயிற்றே.

இனி அந்த மானத்தை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? கேவினுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கரண்டி, வாய், உறிஞ்சு, திரும்பச் சட்டி. பையன் தயங்கினான்.

"ஆன்டி, எச்சில் இல்லையா?"

"செஃப் மாரிஸ் அப்படித்தான் செய்வாரு. நீ அவராத்தானே நடிக்கிற?"

பொய் ஒன்றுமில்லையே. வியர்வையைத் துடைத்த அதே துணியால் தட்டின் ஓரத்தைத் துடைப்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். பெரிய திரையில் ஊரே பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் பங்சாருக்குச் சாப்பிடப் போகட்டும்.

சாயங்காலம் சிலுவைப் பாதைக்குப் போனேன். ஆண்டவர் விழுந்து விழுந்து எழுகிறார். எனக்கோ கரண்டி நினைப்பு.

மார்ச் 22, வெள்ளி

கேவின் தேறிவிட்டான். உறிஞ்சுகிற சத்தம்கூட அப்படியே மாரிஸ். அதைக் கேட்டதும் எனக்குக் குமட்டியது, சந்தோஷமாகவும் இருந்தது. சமையலில்தான் இன்னும் தடுமாற்றம். மசாலா எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறான். அதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது, பார்த்துக்கொள் என்றேன். பக்கத்திலேயே நின்று பார்க்கிறான். நான் சமைப்பதையும் பார்க்கிறான், தண்ணீர் குடிப்பதையும் பார்க்கிறான்.

மார்ச் 28, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். இதை விட்டுவிடச் சொல்வார் சாமியார். எனக்கு விட மனமில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

ரவாங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக்குள் கடை மாதிரி கட்டி எடுக்கிறார்கள். நான் போகவில்லை, மாரிஸ் கண்ணில் பட்டால் எல்லாம் கெட்டுவிடும். கேவின் ஃபோன் செய்தான். இன்று மாரிஸ் வந்து பார்த்தானாம். அந்தக் கரண்டிக் காட்சியைத்தான் எடுத்தார்களாம்.

என்ன சொன்னார் என்றேன்.

"கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு ஆன்டி. கண்ணாடியில என்னையே பாக்குற மாதிரி இருக்குன்னாரு."

ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். தான் செய்வது அசிங்கம் என்றே அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

எல்லாம் போச்சு.

ஜனகா வந்தாள். படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்களாம். கரண்டி வந்த இடத்தில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்களாம். அதனால் அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டாளாம், துணியால் தட்டைத் துடைப்பதும் போய்விட்டதாம். கேவின் தானாக ஏதோ செய்துவிட்டான் என்று அவனையே குறை சொல்கிறாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு வாங்கி வைத்திருந்த நண்டைச் சமைக்காமல் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதானா? அவன் தப்பிச்சுட்டானா? கழுவித் துடைச்சு நல்ல பிள்ளையாக்கி விட்டுட்டாங்க. நான் மட்டும் கல்லாவுல உட்கார்ந்து நகம் வெட்டணும், ஊரெல்லாம் பாக்க.

நவம்பர் 20, புதன்

நாளைக்குப் படம் வருகிறது. பார்க்கப் போவதில்லை.

நவம்பர் 21, வியாழன்

போனேன்.

கிள்ளானில்தான் பார்த்தேன், கடைசி வரிசையில். நகம் வெட்டுகிறவள் வந்ததும் எழுந்துவிடப் பார்த்தேன். அடுத்து நண்டுப் பிரட்டல் வந்தது. பெரிய குவாலிச் சட்டி, மசாலா கொதிக்கிறது, அடுப்படியில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேவின் கண்ணை மூடினான். மெல்லக் குனிந்து, தலையைச் சாய்த்து, இடது காதைக் குவாலிக்குக் கொடுத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். நிமிர்ந்தான். அப்புறம்தான் நண்டைப் போட்டான். தியேட்டரில் யாரோ கைதட்டினார்கள்.

எழப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாரிஸ் ஒரு நாளும் குவாலியைக் கேட்டதில்லை. கேட்பவள் நான். எண்ணெய் பிரியும்போது சடசடப்பு அடங்கும், அதைக் கேட்டால்தான் நண்டைப் போடுவேன். சின்ன வயதில் சீழ் வடிந்து வலது காது போய்விட்டது, அதனால் இடது காதைக் கொண்டுபோவேன். அது ஒரு வித்தையும் இல்லை, ஊனம். நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றானே, எடுத்துக்கொண்டான்.

சொல்லிக்கொடுத்ததெல்லாம் வெட்டிப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்காதது திரை முழுக்க நிற்கிறது. வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை.

நவம்பர் 23, சனி

கன்னையா ஃபோன் செய்தான், இன்னும் மாரிஸ் கடையில்தான் இருக்கிறான். பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. படம் பார்த்தானாம்.

"அக்கா, அது நீங்கதானே? அந்தக் காது."

கிள்ளான் கடையில் சாப்பிட்டவர்கள் சிலர் பங்சாருக்கே வந்து, இது விவியன் நிற்கிற நிலையாச்சே, நீங்கள் எங்கே சமைத்தீர்கள் என்று மாரிஸிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் சிரித்து மழுப்பினானாம். முகம் கறுத்துப்போய்ச் சாமான் அறைக்குள் போய்விட்டானாம்.

இன்னும் சொல்லு என்றேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 25, திங்கள்

ஜனகாவுக்கு ஃபோன் செய்து நான் யார் என்று சொல்லிவிட்டேன். நேரில் வருகிறேன் ஆன்டி என்றாள். வந்தாள். கதையில் இருந்த மனைவியைப் பற்றி எதுவும் பேசாமல் நண்டைச் சாப்பிட்டாள். போகும்போது மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேனா? அவளை, ஆமாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கன்னையாவின் ஃபோன். அடக்க முடியாத சிரிப்பு அவனுக்கு. பங்சார் கடையில் அடுப்படி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, சாப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஃபோனைத் தூக்கிக்கொண்டு அங்கே நிற்கிறார்களாம். குவாலியைக் கேளுங்கள் செஃப், படத்தில் கேட்டீர்களே, என்கிறார்களாம். மாரிஸும் வேறு வழியில்லாமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குனிகிறானாம். முதல் நாள் வலது காதைக் கொண்டுபோய்விட்டான். ஒரு சின்னப் பெண், அந்தக் காது இல்லை அங்கிள் என்று சொல்லிவிட்டாளாம். இப்போது இடது காது. நேற்று நண்டை முன்னாலேயே போட்டுவிட்டான், மசாலா பச்சை வாடை, இரண்டு மேசை திருப்பி அனுப்பியது.

மத்தியானம் மாரிஸிடமிருந்தே செய்தி வந்தது. பிரிந்த பிறகு முதல் முறை. ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

"விவி, எனக்கு ஒண்ணும் கேக்கல. என்னதான் கேக்கணும்?"

அதை வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் பிரியும்போது சடசடப்பு அடங்கும் என்று எழுதினேன், அழித்தேன். டீ போட்டுக் குடித்தேன். கொதிக்கிற மசாலா எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று அடுப்பில் நின்றவளுக்குத் தெரியும், கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது.

பதில் போட்டேன்: "காத இன்னும் கிட்டக் கொண்டுபோ."