காட்டுப்பன்றி யார் என்று அப்பா கேட்டார்

என் ரோசி அக்காவுக்கு,

நீ கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மருத்துவமனைக் கட்டிலில் உன் நாவலின் கடைசித் திருத்தப் படியை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாய்: “புக்கு வரட்டும் தெரசா. பிள்ளைங்க படிக்கட்டும். ஆனா அப்பா காதுக்கு மட்டும் போவ வேணாம்லா.” சரி என்றேன். சர்க்கரையில் அப்பாவுக்குக் கண் போய் மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் ஒரு புத்தகத்தை மறைப்பது என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

நீ போய் இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. அட்டையில் ஓடை, சருகுமான், முள்ளம்பன்றி, நீர்நாய், மரக்கிளையில் ஓர் அணில். எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய நிழலாகக் காட்டுப்பன்றி. பன்றியின் காது சின்னதாகிவிட்டது என்று நீ சண்டை போட்டிருப்பாய். அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, நம் பழைய எஸ்டேட் அமலி அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மண்டோரே, ரோசி எழுதுன புக்க என் மருமக படிச்சுக் காட்டுனா. நம்ம கோலா சாவா எஸ்டேட்டு அப்படியே இருக்குலா!”

இப்போது இருக்கும் லோபாக் வீட்டுக்குக் காரில் வந்து சேர்ந்தோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பா தொண்டையை மூன்று முறை செருமினார். அந்தச் செருமல் உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வயதிலும் அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

“என் மக புக்கு போட்டிருக்கா. ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. எடுத்துப் படி.”

படித்தேன். எப்படிப் படித்தேன் தெரியுமா? ஓடையைத் தனதாக்கிக்கொண்ட பன்றி, தினமும் விடியலில் விலங்குகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி எண்ணுகிறதே, அந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். எண்ணுவதற்கு முன் அது மூன்று முறை செருமும் என்று எழுதியிருந்தாய். அதையும் விழுங்கினேன். முப்பது வருடம் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்பிய மண்டோருக்கு அது யாரென்று புரியாதா?

ஐந்தாம் நாள் அப்பா கையை நீட்டி நிறுத்தினார். “நீ முழுங்கி முழுங்கிப் படிக்கிற. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போவல. அந்தப் பன்னி யாரு?”

புத்தகத்தை மூடப் போனேன்.

“முதல்ல இருந்து படி. ஒண்ணும் விடாத.”

மறுபடி ஆரம்பித்தேன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நெஞ்சு மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உதிர்ந்த இலைகளில் கதை கீறி ஒளித்து வைத்ததற்காகச் சருகுமான் குட்டியைப் பன்றி வெயிலில் முட்டி போட வைக்கும் பக்கம் வந்தது. இலைகளைப் பன்றி சேற்றில் போட்டு மிதிக்கிறது. அது அப்பா உன் கதை நோட்டை அடுப்பில் போட்ட நாள். உனக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது. வாசல் மண்ணில், உச்சி வெயிலில் நீ முட்டி போட்டிருந்தாய்.

படித்து நிறுத்தினேன். அப்பாவின் விரல்கள் கைலியைக் கசக்கிக்கொண்டே இருந்தன.

“அவ மயங்கி விழுந்தா,” என்றார். “நான் பாத்துக்கிட்டே நின்னேன். தூக்கல. உங்கம்மாதான் ஓடியாந்து தூக்குனா. அத எழுதியிருக்காளா?”

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். “இல்லப்பா.”

“ஏன் விட்டுட்டா?”

ஏன் விட்டாய் அக்கா? அவருக்காகவா? பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றா? எழுதக் கை வரவில்லையா?

அவரிடம் நான் சொல்லவேண்டிய வேறொன்று இருந்தது. அந்தப் புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாத பக்கம் பன்றியின் பக்கம் இல்லை. இலைகள் இருக்கும் பொந்தைப் பன்றிக்குக் காட்டிக் கொடுக்கிறதே அணில், அந்தப் பக்கம். உன் நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னது நான். கடைசிவரை நீ என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. உனக்குத் தெரியாது என்றே நிம்மதியாக இருந்தேன்.

“அப்பா, அந்த அணில் நாந்தான்.”

“நீ சின்னப் புள்ள. நான் அதட்டுன அதட்டுக்கு யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க.”

நேற்றுக் காலை கடைசி அத்தியாயம் படித்தேன். பன்றி வந்து செருமுகிறது. வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஓடையின் அக்கரையில் ஒன்றாக நிற்கிறார்கள். அணிலும் நிற்கிறது, யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. பன்றி எண்ணத் தொடங்குகிறது, எவரும் குரல் கொடுக்கவில்லை. தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுச் செம்பனைக் காட்டுக்குள் தனியாகப் போய்விடுகிறது.

“அப்புறம் எங்க போச்சு?”

“எழுதலப்பா.”

“தேடி யாரும் போவலியா?”

“போவல.”

“சரிதான்,” என்றார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

வரும் சனிக்கிழமை, நம் எஸ்டேட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு உன் புத்தகத்தை வாசிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய ஆட்களும் வருவார்கள். அப்பா தானும் வருகிறாராம். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். “எல்லாருக்கும் யாருன்னு தெரியும்லா. என்னைய வீட்டுல ஒளிஞ்சுக்கச் சொல்றியா?” என்கிறார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. யாராவது அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டால்? அந்தப் பன்றி நிஜமாக இருந்ததா என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால்? அவரே எழுந்து ஏதாவது சொல்லிவிட்டால்? எண்பத்திரண்டு வயது நெஞ்சு தாங்குமா? நீ இருந்தால் அவரை வரச் சொல்லியிருப்பாயா, தடுத்திருப்பாயா?

இவ்வளவு நடுக்கத்திலும் ஒன்று சொல்கிறேன், கேள். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் உட்கார வைப்பேன். ஒரு வரியும் விழுங்காமல் படிப்பேன். அணிலின் பக்கம் வரும்போது புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு, அது யாரென்று நானே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். திரும்புகிற கண்கள் முதலில் என் பக்கம் திரும்பட்டும்.

உன்னைக் காட்டிக் கொடுத்தவள்,
உன் கூடப் பிறந்தவள்,
உன் தங்கை தெரசா