கடைசி வரிசையில் என் பெயர்

ஜூன் 4
ஓய்வு பெற்று நாலு நாள்தான். அதற்குள் வீட்டுக்காரி, "காலையில எங்கயாவது நடந்துட்டு வாங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று வாசலைக் காட்டிவிட்டாள். ஊரில் உள்ள பூங்காக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதாக முடிவு. இன்று குளத்துப் பூங்கா. எல்லோரும் வேகவேகமாக நடக்கிறார்கள், ஒருவருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை.

ஜூன் 9
ரயில்வே பூங்கா. மூன்று பெஞ்சு, இரண்டு உடைசல்.

ஜூன் 12
பெரிய பூங்காவின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு. அந்தப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம். புதைப்பதை நிறுத்தி நாற்பது வருடமாம். நிழல் அதிகம், அரட்டை இல்லை. வீடு வீடாக மின் மீட்டர் பார்த்த கண் என்னுடையது, எண்ணைக் கண்டால் சும்மா இருக்காது. பிறந்த வருடம், இறந்த வருடம், கழித்துக்கொண்டே நடந்தேன். எழுபத்தொன்று. முப்பது. பத்தொன்பது - பாவம். காவலாளி, "பின்னாடி குழந்தைங்க வரிசை இருக்கு சார், அங்க யாரும் போறதில்ல" என்றார். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூன் 13
குழந்தைகள் வரிசையைப் பார்க்கப் போனேன்.
கடைசி வரிசை. முழங்கால் உயரம்கூட இல்லாத கல். அதில் என் பெயர். சரி, ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். கீழே அப்பா பெயர். அதற்கும் கீழே பிறந்த தேதி - என் தேதி, என் வருடம். பதினொரு மாதத்தில் இறந்திருக்கிறேன். இல்லை, இறந்திருக்கிறான். யாருடா நீ?
காவலாளி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

ஜூன் 14
அக்காவுக்குப் போன் செய்தேன். கல்லைப் பற்றிக் கேட்டேன். "உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்டா. அவன் போன அடுத்த வருஷம் மார்ச்சுல நீ பொறந்தே. அதே பேரை வச்சாங்க. உன்னைப் பதியவே இல்ல. பள்ளிக்கூடத்துல கேட்டப்ப அப்பா அவன் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டார். அம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதே" என்றாள்.
அதனால்தான் வகுப்பிலேயே நான் குள்ளன்! அதனால்தான் மார்ச்சில் ஒரு நாள் அம்மா காரணம் சொல்லாமல் இனிப்பு செய்வாள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்னாலேயே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு வயது அவனுக்கு, உட்கார்ந்திருப்பது நான். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

ஜூன் 15
அம்மாவிடம் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூன் 18
அம்மாவே கேட்டாள். "இப்பல்லாம் எங்க நடக்கிறே?"
"பெரிய பூங்காவுக்குப் பின்னாடி."
மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "கல்லு இன்னும் இருக்கா?"
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இருந்தவரை இரண்டு பேரும் போவார்களாம். அப்புறம் கூட்டிப் போக ஆளில்லையாம்.
"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, கேட்டா என்ன?" என்று கத்திவிட்டேன்.
"உன்னை எப்படிடா கேப்பேன்?"

ஜூன் 20
அம்மாவைக் கூட்டிப்போனேன். சின்னக் கதவு வழியாக, மெதுவாக, என் தோளைப் பிடித்தபடி வந்தாள். கல் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.
"என்னம்மா?" என்றேன்.
அவள் திரும்பவில்லை. "உன்னை இல்லடா."