தைப்பிங்குக்குப் போன கடல்

ஜார்ஜ் டவுன்
9 ஜூன் 1936

அன்புள்ள ரேமண்ட் அவர்களுக்கு,

இல்லை, நான் அனுப்பிய படத்தில் இருப்பது மழைமேகம் அல்ல. மலைதான். சுங்கை பினாங் ஆற்றுவாயில் நின்றால் அக்கரையில் தெரியும். அன்று கறுப்பாக இருந்தது. வானம் மஞ்சள். கடல் ஊதா.

ஊதாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். அர்த்தம் வைத்துக்கொண்டு தூரிகையைத் தொடவில்லை. கல்யாணத் தேதி குறித்து உங்கள் கடிதம் வந்த மாலை அது. சந்தோஷம்தான். ஆனாலும் உட்கார முடியவில்லை. ஆற்றுவாய் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். நீலத்தைத் தொட்டால் பொய் சொல்வதுபோல் இருந்தது.

சிங்கப்பூரில் படிக்கும்போது ஒரு ஜெர்மன் பத்திரிகையில் சிவப்பு மரங்கள் பார்த்தேன். மரம் சிவப்பாக இருந்திருக்காது. பார்த்தவன் அப்படி இருந்திருப்பான். இதுவரை வரைந்தவற்றில் இது ஒன்றுதான் என்னுடையது. அதனால்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

ஞாயிறன்று மாதா கோயிலில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். "இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்றதும் தங்கை ஜூலியானா என்னைக் கிள்ளினாள். "நான் எந்திரிக்கட்டாக்கா? உனக்குச் சோறு வடிக்கத் தெரியாதுன்னு சொல்லட்டா?"

இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும்.

மார்த்தா

—

தைப்பிங்
12 ஜூன் 1936

அன்பு மார்த்தா,

படத்தை முன்னறையில் மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டார். "ஊதா தவக்காலத்துக்கு. கறுப்பு செத்தவங்க பூசைக்கு. கல்யாணம் பேசின பொண்ணு இதையாடா அனுப்புவா?"

சிரித்துச் சமாளித்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. என் கடிதத்தைப் படித்துவிட்டா அந்த நிறம்? உனக்கு விருப்பம் இல்லையா? விருப்பம் உண்டென்றால் கடலை மட்டும் நீலமாக்கிக் கொடு. அம்மாவும் அடங்கிவிடுவார். ஒரு கடல்தானே.

உன் ரேமண்ட்

—

ஜார்ஜ் டவுன்
15 ஜூன் 1936

அன்புள்ள ரேமண்ட் அவர்களுக்கு,

விருப்பம் இருக்கிறது. பயமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க அந்த ஊதா வேண்டியிருந்தது. சாமியார் போடும் பூசை உடுப்பின் நிறத்தை நான் நினைக்கவே இல்லை. அம்மா சொன்ன பிறகு அதுவும் தெரிகிறது. ஆனால் தவக்காலம் சாவு இல்லையே, காத்திருப்பதுதானே.

படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வையுங்கள், வருத்தமில்லை. நிறத்தை மாற்றச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அந்தக் கடல் பிடித்திருக்கிறதா? அதை மட்டும் நீங்கள் இன்னும் எழுதவில்லை.

நேற்று இரண்டாவது ஓலை.

மார்த்தா

—

தைப்பிங்
18 ஜூன் 1936

அன்பு மார்த்தா,

கவலை தீர்ந்தது. சினிமாக் கொட்டகைக்குப் படம் எழுதும் ஷேக் அலாவுதீனை வரவழைத்தேன். பார்த்ததும், "யாருண்ணே, கண்ணைக் கட்டிக்கிட்டு வரைஞ்சாங்களா?" என்றார். "அது உனக்கு எதுக்குலா, கடலை நீலமாக்கு" என்றேன்.

ஒரு மணி நேர வேலை. மலைக்கும் பச்சை அடித்தார். ஆசைப்பட்டு ஒரு பாய்மரக் கப்பலும் சேர்த்தார். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். மூலையில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. தொடக்கூடாது என்று நான்தான் சொன்னேன்.

நீ கேட்டாயே: இப்போது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் ரேமண்ட்

—

ஜார்ஜ் டவுன்
22 ஜூன் 1936

ரேமண்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். கெட்ட எண்ணத்தோடு நீங்கள் செய்யவில்லை. அது தெரிவதால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பயம் என்று எழுதினேன். ஆள் வைத்து அதன்மேல் நீலம் அடித்தீர்கள். நாளை நான் வேறொன்று சொன்னாலும் இதையே செய்வீர்கள், அன்போடு.

படம் உங்களிடமே இருக்கட்டும். என் பெயரை அழித்துவிடச் சொல்லுங்கள்.

நேற்றுக் காலை பூசைக்கு முன் சாமியாரின் அறைக்குப் போனேன். மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன்.

"தடை சொன்னது யாரும்மா?"

"நான்தான் சாமி."

அவர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இருந்து பூசை கண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

மார்த்தா