விளக்கு எரிந்த பதினோரு சோதனைகள்

வீப்பிங் வாட்டர், நெப்ராஸ்கா
அக்டோபர் 7, திங்கள்

அன்புள்ள ஆர்லிஸுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. முகவரியை உன் தங்கை மேவிஸிடம் வாங்கினேன். தொலைபேசியில், "இருபத்தேழு வருஷம் கழிச்சு அட்ரஸ் கேக்குறே. நீ அவசரப்படாத ஆளுதான், லோவெல்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

இதை எழுத உட்காருவது ஐந்தாவது முறை. முந்தைய நான்கையும் தேதி போட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அவற்றில் விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. இந்த முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியிலிருந்து தெஸ்ஸா ஒகாம்போ என்ற ஆராய்ச்சி மாணவி 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே வருகிறாள். மீன்பிடிச் சிலந்திகளைப் பற்றிய என் பழைய ஆராய்ச்சிக் குறிப்பேடுகளை எடுத்துப்போகிறாள். நான்காவது குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் பதினோரு வரிகள் உன் கையெழுத்து. அந்தப் பக்கத்தையும் அவளிடம் கொடுக்கலாமா, உன் பெயரோடு கொடுக்கலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மீதி எல்லாம் விளக்கம். பொறுமை இருந்தால் படி.

எனக்கு எழுபத்தொன்பது ஆகிவிட்டது. நிலவறைப் படியில் இறங்கும்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். சிலந்திகளைப் பதப்படுத்தி வைத்த குப்பிகள் எல்லாம் அங்கேதான், அதே அலமாரியில். வருடத்துக்கு ஒருமுறை சாராயம் ஊற்றி நிரப்புகிறேன். குப்பிக்குள் இட்ட சீட்டுகளில் நீ பென்சிலால் எழுதியவை இன்னும் தெளிவாக இருக்கின்றன. நான் அவசரத்தில் பேனாவால் எழுதிய சிலவற்றைச் சாராயம் கரைத்துவிட்டது.

அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். நிலவறை ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிப் பகலை இரவாக்கி வைத்திருந்தோம். ஆண் சிலந்தியையும் பெண் சிலந்தியையும் ஒரே ஜாடியில் விட்டு, மூடிவைத்து, ஆறு மணி நேரம் கழித்துத் திறப்பேன். கீழே இரண்டு மூன்று கால்கள் கிடக்கும். "பெண் தின்றது" என்று எழுதுவேன். பெண் ஆணைப்போல் பதினான்கு மடங்கு எடை. கொன்றது யார் என்று சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

விளக்கு எரிந்த சோதனை கெட்ட சோதனை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது நான் முதல் நாளே எழுதிவைத்த விதி. நீ விளக்கோடு உட்கார்ந்து பார்த்தாய். பதினோரு முறை பார்த்தாய். முதல் முறை நீ கூப்பிட்டது அப்படியே நினைவில் இருக்கிறது. "லோவெல், சீக்கிரம் இங்க வந்து பாரு. அவ ஒண்ணுமே பண்ணல. அவனாவே சுருண்டுட்டான்!" நான் அளவுகோலோடு மறுபக்கத்து மேசையில் இருந்தேன். "விளக்கை அணை, ஆர்லிஸ், சோதனை கெட்டுடும்" என்றேன். பத்தடி தூரம். நான் எழுந்து வரவில்லை.

உன் பதினோரு வரிகளையும் அந்தந்த நாள் மாலையே சிவப்புக் கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் "பார்த்தவரால் இடையூறு" என்று எழுதினேன். ஆறாவது வரியில் நீ, சுருண்ட ஆணைத் தூரிகையால் பிரித்து வேறு குப்பியில் வைத்ததாகவும், அது எழவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதையும் அடித்திருக்கிறேன். அவள் வாயே படாமல் அவன் செத்திருக்கிறான். அதைவிட நல்ல சான்று பிறகு நான் எழுதிய கட்டுரை முழுவதிலும் இல்லை.

கட்டுரை வெளிவந்தது உனக்குத் தெரியும். பெண்ணின் பசிதான் ஆணைச் சிறிதாக்கியது, பெரிய ஆண்கள் அவள் கண்ணில் பட்டு அழிந்தார்கள், சின்னவன் தப்பித்துப் பிள்ளை பெற்றான், தலைமுறை தலைமுறையாக ஆண் குறுகிக்கொண்டே வந்தான் என்று எழுதினேன். அழகான வாதம் என்று அப்போது நினைத்தேன்.

---

செவ்வாய்

நேற்று கை வலித்ததால் நிறுத்திவிட்டேன்.

தெஸ்ஸா செப்டம்பரில் ஒருமுறை வந்து குறிப்பேடுகளைப் புரட்டினாள். நல்ல பெண். நான் வைத்த சூப்பையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நான்காவது குறிப்பேட்டில் விரலை வைத்து, "சார், இந்தப் பதினோரு வரியை ஏன் அடிச்சீங்க? இது யார் எழுத்து?" என்று கேட்டாள். என் மனைவி எழுதியது என்றேன். திருத்தி, அப்போதைய மனைவி என்றேன். "அவங்க பேரு கட்டுரையில எங்கயும் இல்லையே" என்றாள். காபி இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் சொன்ன இன்னொன்றும் உள்ளே தங்கிவிட்டது. "நீங்க ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கலந்துட்டீங்க சார். ஆண் சின்னதாச்சா, பெண் பெருசாச்சான்னு தனித்தனியாப் பாக்கணும்." பல சிலந்திக் குடும்பங்களில், உறவினங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வளர்ந்தது பெண்தானாம். உடல் பெரிதானால் முட்டை அதிகம். ஆண் தன் பழைய அளவிலேயே நின்றுவிட்டான். நம்முடைய இந்த இனத்தில் எது நடந்தது என்று அவளுக்கும் இன்னும் தெரியாது. ஆனால் நான் கேட்கக்கூட இல்லையே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் கல்யாணப் படத்தில் உன் உயரத்துக்கு வர, புகைப்படக்காரர் என்னை சோடாப் பெட்டி மேல் ஏறி நிற்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கூட்டுறவுக் கிடங்கின் காபி மேசையில் டுவெய்ன் அதை விடவே இல்லை. "என்னப்பா லோவெல், இன்னும் உன்னை முழுங்கலையா அவ?" என்பான். நீ ஒருநாள் அங்கே வந்து, "கடிச்சுப் பாத்தேன், டுவெய்ன். ஒரே எலும்பு" என்று சொன்னாய். மேசையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீ ஒரிகனுக்குப் போன பிறகு அதே கிண்டலைச் சிரிக்காமல் சொன்னார்கள். "அவ அவனைத் தின்னுட்டுப் போய்ட்டா, பாவம்." வாரக்கணக்கில் அண்டை வீட்டார் மூடிபோட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தின்னப்பட்டவனுக்கு இந்த ஊரில் நல்ல மரியாதை. ஆராய்ச்சி ஏன் நின்றது என்று கல்லூரியில் கேட்டபோதும் அதையே சொல்லாமல் சொன்னேன். உனக்கு அங்கே வேலை கிடைத்தபோது, நீ என்னையும் வரச் சொன்னாய் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் இடம் வைத்திருந்தாய். குப்பிகளுக்குக்கூட வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டியிருந்தாய். சோதனைகள் முடியட்டும் என்றேன். அதன் பிறகு இந்த வருடம் வரை நான் ஒரு சோதனையும் செய்யவில்லை, ஆர்லிஸ். ஒன்றுகூட.

இனி, பக்கத்தைக் கொடுக்க உன்னைக் கேட்க வேண்டிய காரணம். பத்து வரிகள் சிலந்தியைப் பற்றியவை. பதினோராவது வரியில் நேரமும் எடையும் எழுதிவிட்டு, அவற்றின் கீழே, "பதினோராவது தடவை. லோவெல் இன்னும் வந்து பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதன் மேலும் சிவப்புக் கோடு போயிருக்கிறது. படிக்காமலே அடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு அடித்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த வரி உன்னுடையது. அதை ஒரு ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் படிக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

என் கட்டுரை தவறு என்று ஆகிவிடும். அது பரவாயில்லை என்று எழுத ஆசை, ஆனால் பொய். அது ஒன்றுதான் நான் செய்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று இரண்டு வாரம் யோசித்தேன். சவர பிளேடைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தேன். தெஸ்ஸா ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பதால் விட்டேனா, வேறு காரணத்தாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நல்ல காரணம் என்று நீ வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மே மாதம் நிலவறையில் விறகுக்குப் பின்னால் முழு வளர்ச்சிக்கு இன்னும் ஒரு தோல் உரிக்க வேண்டியிருந்த பெண் சிலந்தி ஒன்று கிடைத்தது. ஜாடியில் வைத்து, தூண்டில்காரர் கடையில் வெட்டுக்கிளி வாங்கிப் போட்டேன். ஜூன் மூன்றாம் தேதி தோல் உரித்தது. ஓடைக்கரைப் பட்டையடியில் ஆண் ஒன்றும் அகப்பட்டது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. தெஸ்ஸாவின் முதல் கடிதம் அதற்குள் வந்திருந்தது, அதனாலாக இருக்கலாம்.

விளக்கைப் போட்டுக்கொண்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் முன்கால்களை ஆட்டி ஆட்டி, தொட்டுத் தொட்டு, வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அவள் அசையவே இல்லை. சேர்ந்தது சில நொடிதான். உடனே அவன் கால்கள் எல்லாம் மடங்கி, அவள்மேலேயே தொங்கிப்போனான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முதுகில் இதயம் மட்டும் கொஞ்ச நேரம் துடித்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு தின்றாள், உண்மைதான். அது பிறகு.

அன்று எழுதியது நான்காவது குறிப்பேட்டில், உன் பதினோராவது வரிக்குக் கீழே இருக்கிறது. பென்சிலால்தான் எழுதினேன். அடிக்கப் போவதில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் வர நான்கு நாள், உன் பதில் இங்கே வர நான்கு நாள் என்று கணக்கிட்டேன். 25ஆம் தேதிக்குள் போதும். வேண்டாம் என்று எழுதினால் பக்கத்தை உனக்கே அனுப்பிவிடுகிறேன், தெஸ்ஸாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சம்மதம் என்றால் எந்தப் பெயர் போட வேண்டும் என்று மட்டும் எழுது. ஸ்வோபோடா என்ற என் குடும்பப் பெயரை நீ விட்டுவிட்டாய் என்று மேவிஸ் சொன்னாள். அதுதான் சரி. ஒரு வரி போதும். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால், இது வந்து சேர்ந்தது என்றாவது எழுது.

அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. உனக்கு எல்லா நலமும் வரட்டும்.

இப்படிக்கு,
லோவெல்

பி.கு. பன்னிரண்டாவது வரியை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன், நீ சரிபார்ப்பதற்காக: "விளக்கு எரிந்தது. லோவெல் வந்து பார்த்தான். அவள் தொடவில்லை."