இராசேசின் கதைக்கு மூன்று நட்சத்திரம்

யூன் 17, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. யன்னல் திறக்க ஏலாது, மேசை முழுக்க மண். துறைமுகத்தில் துருப்பிடித்த கப்பல் ஒன்று, அசையாமல். கண்ணுக்கு விடும் மருந்து முடிகிறது, வாங்க வேண்டும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு இராசேஸ், கணவாய்க் கறியோடு. தபாற்கந்தோரில் இளைப்பாறிய பிறகு கதை எழுதுகிறாள். இணையத்தில் கதைகள் போடும் தளம் ஒன்றில் போட்டியாம். வாசகர்கள் கூடுதலான நட்சத்திரம் கொடுக்கும் கதைகள் புத்தகமாக வரும்.

"அக்கா, நீங்களும் ஒரு அஞ்சு போட்டு விடுங்கோ."

"வாசிச்சிட்டுப் போடுறன்."

"வாசிக்காட்டியும் பரவாயில்லை. உங்களுக்குக் கண் நோகும்."

கண்ணை விட அந்தச் சொல் நொந்தது. கறி நல்லாயிருந்தது. உப்பு மட்டும் ஒரு துளி கூடிவிட்டது.

யூன் 18, புதன்

கதையை இரண்டு தரம் வாசித்தேன். மூதூர் இறங்குதுறையில் மகனுக்குக் காத்திருக்கும் தாய். வள்ளத்தால் இறங்குகிறவர்களின் முகத்தைப் பாராமல் கால்களையே பார்க்கிறாள். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு வராத யோசனை. பிறகு கடைசிப் பக்கம். மகன் டொக்டராகிக் காரில் வருகிறான், எல்லாரும் அழுகிறார்கள். நம்பவில்லை.

மூன்று.

ஒழுங்கைக்காரரின் வட்ஸ்அப் குழுவில் இராசேசின் அண்ணன் செல்வம்: "எங்கட ஆளுக்கு அஞ்சு. முன்னுக்கு நிக்கிற கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளைக்கு ஒண்டு. விளங்கிச்சோ?" கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக.

அந்தப் பிள்ளையின் கதையையும் தேடி வாசித்தேன். இரவல் சேலையோடு கல்யாண வீட்டுக்குப் போகிறவள், கறை படும் என்று பந்தியில் உட்கார மறுக்கிறாள். எழுத்துப்பிழை நிறைய. ஆனாலும் நான்கு.

இரண்டுக்கும் என் சொந்தப் பெயரிலேயே போட்டேன். மற்றவர்கள் பெயரை மறைத்துப் பூப்படத்தோடு போட்டிருந்தார்கள்.

பின்னேரம் செல்வம் கேற்றடியில்.

"அக்கா, கறி வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்புறனீங்களோ? நட்சத்திரமும் அப்பிடித்தான்."

"கறிக்கு ரவை கேக் அனுப்புவன், தம்பி. கதைக்கு மார்க்தான்."

"கொன்வென்ற்றில படிச்ச ஆக்களின்ர கதை."

"ஓம்."

யூன் 20, வெள்ளி

இராசேஸ் நேற்றும் வரவில்லை, இன்றும் இல்லை. என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பகலில் இந்தக் கதவைத் தட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

குழுவில் செல்வம்: "மூண்டு போட்ட பெரிய மனுசருக்கு நன்றி."

காலையில் கேக்கைக் கிண்ணத்தில் வைத்து மதிலில் வைத்தேன். மத்தியானம் பார்த்தேன், அப்படியே. ஒரு காகம். பிறகு பார்த்தபோது கிண்ணத்தைக் காணவில்லை. எடுத்தது அவளோ, செல்வமோ.

மாற்றி ஐந்து போடலாம். ஒரு தட்டுத் தட்டினால் போதும், நாளைக்குக் கறி வரும். விரலைக் கொண்டுபோய் எடுத்தேன். ஐந்து போட்டால் அந்தக் கால்களும் காரும் ஒன்றாகிவிடும்.

ஆனால் ஒன்று. படிப்பித்த சிஸ்ரர் எவரும் காரணம் எழுதாமல் மார்க் போட்டதில்லை. நான் வெறும் மூன்றைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கதவைச் சாத்தியது போல. அது சரியில்லை.

பின்னேரம் முழுக்க ஒரு விரலால் தட்டித் தட்டிக் கதையின் கீழே எழுதினேன். கால்களைப் பற்றி நீளமாக. காரைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று மூன்றாகவே.

தோள் உளைவு. வேப்பெண்ணெய்.

யூன் 22, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். இராசேஸ். கையில் கிண்ணம், வெறுமனே. இத்தனை வருடத்தில் முதல் தடவை. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்டும் சமைக்கேல்லை, அக்கா. நேற்று முழுக்க எழுதினனான்."

கதிரையை இழுத்துப் போட்டேன்.

"முதல்ல அழுதனான். பிறகு, அந்தக் காலைப் பற்றி நீங்கள் எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசிச்சனான். அஞ்சு போட்ட ஒருத்தருக்கும் கால் இருக்கிறதே தெரியாது. அண்ணனைக் கேட்டன். 'கதையில மாமி ஒருத்தி வாறா தானே' எண்டான்."

இருவரும் சிரித்தோம். செல்வத்துக்குக் கேட்டிருக்கும்.

"புது முடிவு போட்டிக்கு ஏலாதாம். திகதி முடிஞ்சுது. போகட்டும், சும்மா போட்டு வைக்கப் போறன். சேலைக் கதைக்கு நானும் நாலு போட்டனான். அண்ணனுக்குச் சொல்லாதேங்கோ."

புது முடிவின் தாள்களை மேசையில் வைத்தாள். மகன் இல்லை, கார் இல்லை. கடைசியாக இறங்குகிறவனின் செருப்பைத் தாய் பார்க்கிறாள். நிமிரவில்லை.

"ஏன் நிமிரேல்லை?"

"நிமிர்ந்தா முடிஞ்சு போகும், அக்கா."

தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.

"இப்ப எத்தினை?" குரல் பின்னாலேயே வந்தது.

"ஆறுதலா வாசிச்சிட்டுச் சொல்லுறன்."

யூன் 23, திங்கள்

காற்றுத் தணிவு. கப்பல் போய்விட்டது. கண் மருந்து வாங்கியாயிற்று.

இராசேஸ் புது முடிவைத் தளத்தில் போட்டுவிட்டாள். மூன்று தரம் வாசித்தேன். நான்கு. நாலரை போடத் தளத்துக்காரர் வழி வைக்கவில்லை, மடையர்கள்.

காரணம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி கூட முடியவில்லை. மதிலுக்கு மேலால் அவளுடைய தலை.

"அக்கா, எந்த இடத்தில குறைஞ்சது?"

கண்ணாடியை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போகிறேன்.