கடைசி வரிசை இடப்பக்க சீட்டு

திருக்கழுக்குன்றம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்பு மகள் ரெஜினாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அவர் விட்டால் நெட் விட்டுவிடுகிறது, இது முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பொடியை டப்பாவில் கொட்டி இறுக்கி மூடிவிட்டு அப்புறம் படி, நமத்துப்போய்விடும்.

பார்க்கில் இந்த வருஷம் என்னை டிக்கெட் கவுண்டரிலிருந்து எடுத்து வருடப் பாஸ் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. பாஸ்காரர்கள் வந்தால் கையில் பட்டை கட்டி உள்ளே அனுப்ப வேண்டும், பாஸ் முடிந்தால் ஆதாரைப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தப் பாஸ்காரர்கள் இருக்கிறார்களே, இப்படி ஒரு ஜாதி உலகத்தில் இருப்பதே பதினோரு வருஷம் அங்கே வேலை செய்தும் எனக்குத் தெரியாது. சாதாரண ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும், எல்லா ராட்டினத்திலும் ஏறும், வாந்தி எடுக்கும், போய்விடும். இவர்கள் வாரா வாரம் வருகிறார்கள், வந்தால் ஒரே ஒன்றில்தான் ஏறுகிறார்கள், சூறாவளி என்று பேர் வைத்திருக்கிற அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர் ரயிலில். தாம்பரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, ஏறும் முன்னால் வலது காலைத் தரையில் மூன்று தடவை தட்டாவிட்டால் ஏற மாட்டார்கள். சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் கார்த்தி என்கிற தம்பி, முப்பது வயசிருக்கும், பட்டையைத் தளர்வாகக் கட்டச் சொல்லிக் கெஞ்சுவான், ஏனென்றால் கத்தரிக்காமல் கழற்றி வீட்டில் கம்பியில் கோத்து வைத்திருக்கிறானாம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுகிறான். போன மாதம் சூறாவளிக்குப் பிறந்தநாள் என்று கேக் கொண்டுவந்து வெட்டி எனக்கும் கூட்டுகிற செங்கம்மாளுக்கும் ஒரு துண்டு கொடுத்தான், செங்கம்மாள் வாயில் போட்டுக்கொண்டே "இதுக்கு இன்னா வயசாவுது தம்பி, கல்யாணம் எப்போ"ன்னு கேட்டாள். மழை கொட்டினால் எல்லாரும் வெளியே ஓடுவார்கள், இவர்கள் அப்போதுதான் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள், வரிசை இருக்காதாம். எனக்கு வேலையே இவர்களைப் பார்ப்பதுதான் என்று ஆகிவிட்டது, பைத்தியமா, வேண்டுதலா, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரே குடைச்சல்.

இவர்களில் எனக்கு மிகவும் அதிசயமாக இருந்தவர் வசுமதி டீச்சர். மதுராந்தகத்தில் பிறந்தவர், அணுபுரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டார், தனி ஆள். புதன்கிழமை தவறாமல் வருவார், மற்ற நாளெல்லாம் புடவை, புதனுக்கு மட்டும் சுடிதாரும் லேஸ் கட்டிய ஷூவும். கண்ணாடியைக் கழற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடுவார், ஒரு உப்பு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொள்வார், கடைசி வரிசையில் இடது பக்க சீட்டு கிடைக்கும் வரை எத்தனை வண்டி போனாலும் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு நிற்பார். முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறது ஊர், இவருக்கு மட்டும் கடைசி. ஏன் என்று கேட்டால், பின்னால்தான் இழுப்பு அதிகம், முன்னால் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பின்னால் இருப்பவர்கள்தான் போகிறார்கள் என்றார். ஒரு புதனுக்கு எட்டுப் பத்துத் தடவை ஏறுவார், கத்த மாட்டார், இரண்டாவது இறக்கத்தில் மட்டும் இரண்டு கையையும் தூக்குவார். இறங்கியதும் ஒரு டைரியில் எத்தனையாவது தடவை, காற்று எந்தப் பக்கம், வண்டியில் எத்தனை பேர் என்று எழுதுவார். அப்புறம் ரயில் தூணுக்குக் கீழேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். தலைக்கு மேலே ஜனம் அலறும், இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் டீச்சரின் பாஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கம்ப்யூட்டரில் பார்த்தேன், புதன்கிழமை பாஸ் முடிகிறது, அன்றைக்கே அவருக்கு அறுபது வயது முடிகிறது. சூறாவளியின் வாசல் பலகையில் கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், அறுபது முடிந்தவர்கள் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கிறது, தினம் அந்தப் பலகையைக் கடந்துதான் நான் போகிறேன், ஆனால் அது டீச்சரைச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கார்த்திக்கும் தெரிந்துவிட்டது, மேஜைக்கு வந்து "அக்கா, ஒரு வருஷத்த மாத்திப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது, பாத்தும் பாக்காத மாரி வுட்டுருங்க அக்கா"ன்னு கண் கலங்கக் கேட்டான். மேனேஜர் சரவணகுமாரிடம் போனேன், அவர் நல்ல மனிதர்தான், "எனக்கும் கஷ்டமாத்தான் கீது, ரூல மாத்துற எடத்துல நான் இல்லமா, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன் கையெழுத்துதான் மொதல்ல நிக்கும்"ன்னு சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை ரெஜினா. ஒரு எண்ணை மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று ஒரு மனசு, மேலே போய் அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டால் என்று இன்னொரு மனசு. அப்பாவிடம் சொன்னால் "உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு"ன்னு முடித்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாற்றிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை டீச்சர் வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் ஆதாரை மேஜையில் வைத்து, என் பக்கம் திருப்பி, பிறந்த தேதி மேல் விரலை வைத்து, "அறுபது ஆயிடுச்சு அன்பரசி, நீ எனக்காகப் பொய் எழுதாத"ன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. பாஸ் வேண்டாம், ஆனால் ஒரு உதவி செய், அந்த சீட்டில் இன்றைக்கு நீ உட்கார்ந்து வந்து எனக்குச் சொல் என்றார். நானா என்றேன். நீ பதினோரு வருஷமாக ஒரு தடவை கூட ஏறவில்லை என்று செங்கம்மாள் சொன்னாள், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை என்றார். அம்மாவுக்கு மொட்டைமாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் என்று உனக்குத் தெரியுமே. சரவணகுமார் சாரே மேஜையில் வந்து உட்கார்ந்து "போய்ட்டு வாமா, நான் பாத்துக்கறேன்"ன்னார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன், மேலே இரும்பை இறக்கிப் பூட்டினார்கள், பக்கத்து சீட்டில் கார்த்தி. கடகடவென்று மேலே ஏறும்போது செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். உச்சியில் ஒரு நிமிஷம் போல் நின்றது, நிமிஷமெல்லாம் இல்லையாம், அப்படித் தோன்றியது. கடலைத் தினம் பஸ்ஸிலிருந்து சவுக்கு மரத்துக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்க்கிறேன், அங்கே அது முழுசாக இருந்தது ரெஜினா, ஒரு பக்கம் நெம்மேலி குடிநீர் ஆலைத் தொட்டிகள், இந்தப் பக்கம் உப்பங்கழி, நடுவில் ரோட்டில் கார்கள் எறும்பு மாதிரி. அப்புறம் விழுந்தோம். கத்துவேன் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. எனக்கே புரியவில்லை, வயிற்றிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு, உன் அப்பாவோடு கல்யாணமான புதிதில் கூட நான் அப்படிச் சிரித்ததில்லை, இதை அவருக்குப் படித்துக் காட்டாதே.

இறங்கி வந்தால் டீச்சர் பென்சிலோடு நிற்கிறார். "ரெண்டாவது எறக்கத்துல சீட்ட வுட்டு எழும்புச்சா உடம்பு?" எழும்பியது டீச்சர். "எவ்ளோ நேரம்?" அருள் நிறைந்த மரியே செபத்தில் அருள் என்று சொல்கிற நேரம் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று என்று போட்டு, காற்று தெற்கு, பதினெட்டுப் பேர், ஏறியவர் அன்பரசி என்று எழுதியிருந்தார். இத்தனை நாள் மனசில் குடைந்ததை அப்போதுதான் கேட்டேன், ஏன் டீச்சர் இதில் இவ்வளவு பைத்தியம் என்று. டைரியை மூடிவிட்டு, "தெரியல அன்பரசி. முப்பத்தஞ்சு வருஷம் புள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் விடை சொல்லிகினு இருந்தேன், இது ஒண்ணு தெரியாமலே இருந்துட்டுப் போவட்டுமே"ன்னார். எனக்குத் திருப்தியாக இல்லை, இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு பார்க்கில் வயது பார்ப்பதில்லையாம், டாக்டர் சான்றிதழ் இருந்தால் போதுமாம், கார்த்தி போன் போட்டு விசாரித்துவிட்டான். டீச்சர் நெஞ்சு, ரத்தம் எல்லாம் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். துணைக்கு நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாய் சொல்வதற்குள் தலை ஆடிவிட்டது. அப்பாவிடம் சொன்னதற்கு "ஏண்டி, வேல செய்யிற எடத்துல சுத்தறது பத்தாதுன்னு ஊரு வுட்டு ஊரு போயி வேற சுத்தணுமா"ன்னு ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தார். மறுநாள் செங்கல்பட்டிலிருந்து வரும்போது ஒரு ஷூ வாங்கி வந்து கதவோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒரு சைஸ் பெரிது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்வேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை போகிறோம். அன்றைக்குப் பகலில் போன் பண்ணாதே, லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லையே என்று பயந்து அப்பாவையும் பயமுறுத்தாதே. கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள், டியூட்டியில் நின்றுகொண்டே சாப்பிடாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே உன் ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ரயில் எங்கேயாவது இருக்கிறதா, ஐம்பத்தொரு வயதுக்காரியை ஏற்றுவார்களா என்று விசாரித்துப் பதில் போடு, கடைசி வரிசை இடப்பக்கம் கிடைக்குமா என்று டீச்சரும் கேட்கச் சொன்னார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
அன்பரசி ஜெரோம்